இதைக் குடிக்கலாமா தம்பி?

மெஸ் காபியைத் திட்டாத ஆள் நம்ம காலேஜ்ல யாரும் கிடையாது. ஆனா அந்த ஒரு டம்ளர் காபிக்காக மலை மேல எவ்வளவு தூக்கிப் போடுறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? நானும் யோசிச்சதில்ல, ஃபைனல் இயர் புராஜெக்ட் வர்ற வரைக்கும்.

காபிக் கொட்டைங்கறது ஒரு பழத்தோட விதை. பழம் சிவப்பா, சின்னதா, தித்திப்பா இருக்கும். பறிச்ச அன்னைக்கே பல்பர் மெஷின்ல போட்டுத் தோலையும் சதையையும் உரிச்சிடுவாங்க. சுமார் 6 கிலோ அராபிகா பழத்துல இருந்து 1 கிலோ கொட்டைதான் கிடைக்கும். பழத்தோட எடையில ஏறக்குறைய 40 சதவீதம் இந்தத் தோலும் சதையும்தான். அது தோட்டத்து ஓரத்துல குவியுது. மாட்டுக்கும் அதிகமா போட முடியாது, கஃபீனும் டானினும் இருக்கு. மழை பெய்ஞ்சா அழுகின சாறு ஓடைக்குப் போகுது. அங்க தண்ணியில இருக்கற ஆக்சிஜன் காலியாகுது.

அதே குப்பையிலதான் குளோரோஜெனிக் அமிலம் மாதிரியான ஆன்டிஆக்சிடன்ட்டுகள் இருக்கு. கொட்டையை வறுக்கும்போது உதிர்ற மெல்லிய வெள்ளித்தோல்லயும் இருக்கு, அதோட நார்ச்சத்தும் நிறைய. மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில இதைப் பத்திப் பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது. "கழிவிலிருந்து ஆரோக்கியம்"னு தலைப்பு வெச்சா ரிவ்யூல மார்க் நிச்சயம். எங்க டீமும் அதைத்தான் எடுத்தோம்.

என் ரூம்மேட் ஊர் கீழ்ப்பழனி மலைப் பக்கம். அவன் வீட்டுத் தோட்டத்துல இருந்து ஒரு சாக்குத் தோல் பஸ்ல வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சா, புளிச்ச வாடை, மேல வெள்ளையா பூஞ்சை. பாதியைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை ஓவன்ல காய வெச்சோம், மெத்தனால்ல ஊற வெச்சு வடிகட்டினோம். டி.பி.பி.ஹெச். டெஸ்ட்ல ஊதா நிறம் மஞ்சளா மாறுச்சு. கைடுக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

பொங்கல் லீவுக்கு அவன் ஊருக்குப் போனேன். அவங்க அப்பாகிட்ட எல்லாத்தையும் பெருமையா விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிப்பா, இதைக் குடிக்கலாமா தம்பி?"

மெத்தனால் விஷம். பூஞ்சை பிடிச்ச தோல்ல ஆக்ரடாக்சின்ங்கற நச்சும் இருக்கலாம். எங்க பாட்டில்ல இருந்தது மார்க் மட்டும்தான். "இல்லப்பா"ன்னு சொல்லிட்டு காபியைக் குடிச்சேன்.

அன்னைக்குப் புரிஞ்சதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். இந்த விஷயத்துல கஷ்டமான வேலை லேப்ல இல்ல, தோட்டத்துல இருக்கு. ஈரத்தோல்ல முக்கால் பங்குக்கு மேல தண்ணி. உரிச்ச கொஞ்ச நேரத்துலயே கறுக்க ஆரம்பிக்குது, நாம தேடுற சேர்மங்களும் அதோட சிதையுது. அதனால முதல் 24 மணி நேரத்துலயே பிழிஞ்சு காய வெச்சாகணும். அறுவடைக் காலத்துல மலையில பனியும் தூறலும் இருக்கும், வெயிலை மட்டும் நம்ப முடியாது. குறைஞ்ச விலையில ஒரு சோலார் டிரையர், கையால சுத்தற ஒரு பிழியும் மெஷின், ஈரப்பதம் காட்டற ஒரு சென்சார், இவ்வளவுதான் தேவை. மெக்கானிக்கலும் இ.சி.இ.யும் வராம கெமிக்கல் டிபார்ட்மென்ட் மட்டும் இதை முடிக்க முடியாது. அதுக்கு அப்புறம் பிரிச்செடுக்க வெந்நீரோ, எத்தனாலும் தண்ணியும் கலந்ததோ போதும். மெத்தனாலைவிடக் கொஞ்சம் குறைவா வந்தா வரட்டுமே, வாயில வைக்கலாம் இல்ல?

சொல்லப்போனா பிரிச்செடுக்கவே வேண்டாம்னுகூட ஒரு வழி இருக்கு. ஏமன்ல காபித் தோலை இஞ்சியோட கொதிக்க வெச்சு 'கிஷ்ர்'னு காலங்காலமா குடிக்கறாங்க. சுத்தமா காய வெச்ச தோலை 2022-ல ஐரோப்பிய ஒன்றியமும் பானமாக்க அனுமதிச்சிருக்கு. அப்போ நல்லா காய வெச்சாலே அது சரக்கு.

இன்னொரு விஷயம். டெஸ்ட் டியூப்ல நிறம் மாறினதை வெச்சு "சுகருக்கு நல்லது, எடை குறையும்"னு போஸ்டர்ல எழுதாதீங்க. பச்சைக் காபிக் கொட்டைச் சாறு எடையைக் குறைக்கும்னு 2012-ல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம இந்தியாவுல 16 பேரை வெச்சு நடத்தினது. மாத்திரை அமோகமா வித்துச்சு. 2014-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த ஆய்வுல குளறுபடி இருக்குன்னு சொல்ல, அதை நடத்த வெச்ச கம்பெனி 35 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. கட்டுரையும் வாபஸ் ஆச்சு. பொருள்ல தப்பில்ல, அவசரத்துலதான் தப்பு.

"ஃபைனல் இயர்ல எட்டு மாசம்தான் இருக்கு, இதெல்லாம் நடக்குமா?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். முழுசா முடியாது. அதுக்காகத்தான் சொல்றேன், வருஷா வருஷம் புதுசா அதே டெஸ்ட்டைப் பண்ணாம, ஒரு பேட்ச் விட்ட இடத்துல இருந்து அடுத்த பேட்ச் தொடங்கட்டும். எங்க டேட்டா, பூஞ்சை பிடிச்ச கதை உட்பட, டிபார்ட்மென்ட் லைப்ரரியில வெச்சுட்டுப் போறோம்.

ஜூனியர்ஸ், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தலைப்பு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை மலை ஏறிப் போங்க. குவியல் பக்கத்துல நின்னு பாருங்க. யார் தோட்டமோ அவங்ககிட்ட முதல்ல பேசுங்க. அடுத்த பொங்கலுக்கு அந்த அப்பா அதே கேள்வியைக் கேக்கும்போது, யாராவது ஒருத்தர் "குடிங்கப்பா"ன்னு டம்ளரை நீட்டணும்.