பாட்டியின் பெயர் என்ன?

குடும்ப வரலாறு எழுத விரும்பும் அன்பர்களை நாம் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "பாட்டனார் பெயரைக் கூறினீர்கள், அவருடைய பாட்டனார் பெயரையும் கூறினீர்கள். அவர் இறந்த பின் அவருடைய மனைவி யாருடன் வாழ்ந்தார்? அந்த அம்மையாரின் பெயர் என்ன?" பெரும்பாலும் மௌனமே நமக்கு விடையாகக் கிடைக்கிறது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. முன்னோரைத் தேடுவதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்ட அமெரிக்கரும் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். எல்லைப்புறத்தில் குடியேறிப் போரில் மாண்ட முன்னோனின் பெயர் கல்லிலும் ஏட்டிலும் இருக்கும். அவன் விட்டுச் சென்ற மனைவியோ, அடுத்த ஏட்டில் காணாமற் போய்விடுகிறாள். அவளை எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இத்திங்கள் காண்போம்.

இன்றைய கென்டக்கி மாநிலம் பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவின் மேற்கு எல்லைப்புறம். அப்பலேசிய மலைகளுக்கு அப்பால், 1774-இல் அங்கே ஹாராட்ஸ்பர்க் என்னும் குடியிருப்பு தோன்றியது. வில்லியம் போக் என்பவரும் அவர் மனைவி ஆனும் 1775-இல் பிள்ளைகளுடன் அந்நாட்டிற்கு வந்து, அடுத்த ஆண்டில் ஹாராட்ஸ்பர்க் கோட்டைக்குள் குடிபுகுந்தனர். ஆன் அம்மையார் கொண்டுவந்த இராட்டையே கென்டக்கி கண்ட முதல் இராட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆளி நாரும் ஆட்டுமயிரும் அரிதாயிருந்த அவ்விடத்தில், காஞ்சொறிச் செடியின் நாரையும் காட்டெருமையின் மயிரையும் சேர்த்து அவர் துணி நெய்தார் என்பர்.

அந்நிலம் ஷானி முதலிய பழங்குடியினர் வேட்டையாடி வந்த நிலம். அதன் பொருட்டு இரு தரப்பும் ஓயாது போரிட்டன. 1778-இல் போக் அப்போரில் மாண்டார். பின்னர் ஆன் ஜோசப் லின்ட்சே என்பவரை மணந்தார். 1782 ஆகஸ்டு 19-இல் புளூ லிக்ஸ் என்னுமிடத்தில் கென்டக்கியர் எழுபது பேருக்கு மேல் மடிந்தனர். அவர்களில் லின்ட்சேயும் ஒருவர். அதன்பின் ஜேம்ஸ் மெக்கின்டி என்பவரை மணந்த ஆன் 1815-இல் காலமானார். போக்கை மணக்கு முன்பே அவர் வில்சன் என்பவரின் மனைவியாயிருந்தவர். ஆகவே கென்னடி என்னும் பிறந்த வீட்டுப் பெயருடன் வில்சன், போக், லின்ட்சே, மெக்கின்டி என ஐந்து குடும்பப் பெயர்கள் அவருக்கு! "போக்கின் மனைவி" என்று மட்டும் அறிந்த ஒருவர் 1782-க்குப் பிந்திய ஏடுகளில் அப்பெயரைத் தேடினால் என்ன கிடைக்கும்?

பெயர் மாறுவது ஒரு தொல்லையெனில், ஊர் மாறாமலே ஏடு மாறுவது மற்றொரு தொல்லை. ஹாராட்ஸ்பர்க் கென்டக்கி கவுண்டியிலும், 1780-இல் லிங்கன் கவுண்டியிலும், சில ஆண்டுகளில் மெர்சர் கவுண்டியிலும் அடங்கியது. 1792-இல் கென்டக்கி தனி மாநிலமாயிற்று. ஒரே இடத்தில் இருந்தவளின் தடம் பல கச்சேரிகளின் ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. எழுத்தர்களோ போக் என்னும் பெயரைத் தம் காதில் விழுந்தவாறு வெவ்வேறு எழுத்துக் கூட்டி எழுதினர். குடிக்கணக்கும் கைகொடுப்பதில்லை. 1790 முதல் 1840 வரை அமெரிக்கக் குடிக்கணக்கில் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது; ஏனையோர் வெறும் எண்ணிக்கையே. வீட்டிலுள்ள அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரும் பதிவானது 1850-இல்தான். அதிலும் கென்டக்கியின் 1790, 1800 கணக்கேடுகள் அழிந்துபோயின.

அப்படியாயின் கைம்பெண்ணை எங்கே காண்பது? கணவன் உயிரோடிருந்தவரை மனைவிக்குத் தனிச் சொத்துரிமை மிகக் குறைவு. ஆகவே ஏடுகளில் அவளைக் காண்பது அரிது. அவன் இறந்த மறுநாள் அவள் சட்டத்தின் முன் தனி ஆளாக நிற்கிறாள். கணவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவ்வுரிமையைக் கேட்ட மனு, இறந்தவர் வீட்டுப் பொருள்களின் பட்டியல், சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தந்த ஆணை ஆகியவற்றில் அவள் பெயர் வரும். தந்தையை இழந்த பிள்ளை, தாய் உயிரோடிருந்தாலும், அக்காலச் சட்டத்தில் அநாதையே. அப்பிள்ளைக்குக் காப்பாளர் நியமித்த ஆணை, தாயின் புதுப் பெயரைக் காட்டிக்கொடுப்பதுண்டு. மறுமணப் பிணைப் பத்திரத்தில் பிணை நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தையோ உடன்பிறந்தாரோ ஆவர். அதிலிருந்து பிறந்த வீடு தெரியவரும்.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது ஓய்வூதியக் கோப்பு. விடுதலைப் போரில் பணியாற்றியவர்களின் கைம்பெண்களுக்கு உதவித்தொகை வழங்க 1836, 1838 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு சட்டங்கள் இயற்றியது. திருமணம் நடந்ததற்குச் சான்று கேட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எல்லைப்புறக் காட்டில் நடந்த திருமணத்திற்கு ஏது சான்று? முதியவள் என்ன செய்தாள்? மணநாளும் பிள்ளைகள் பிறந்த நாளும் எழுதி வைத்திருந்த குடும்பப் பைபிளின் ஏட்டைக் கிழித்துத் தலைநகருக்கு அனுப்பினாள். அத்தகைய ஏடுகள் பல இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எப்போது மணந்தாள், எந்த ஊருக்குப் பெயர்ந்தாள், எந்தப் பிள்ளை எப்போது இறந்தது என்பதையெல்லாம் அம்மனுக்களில் அவள் வாய்மொழியாகவே சொல்லியிருக்கிறாள். இவ்வாறு உயிர்பெற்றோர் ஒரு தரப்புக் கைம்பெண்களே. அதே போரில் கணவரை இழந்த ஷானிப் பெண்களுக்காக எந்தக் கச்சேரியிலும் ஏடு திறக்கப்படவில்லை.

இனி நம் வீட்டிற்கு வருவோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மூன்று தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களிலும் பெண்ணின் தலையெழுத்து தந்தையிடமிருந்து கணவருக்கு மாறுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறோர் எழுத்து. அவரை எல்லோரும் "பெரியம்மா" என்றும் "மதுரை அத்தை" என்றும் அழைத்துப் பழகிவிட்டதால், இயற்பெயரை அறியாத பேரப்பிள்ளைகளும் உண்டு. ஊரிலுள்ள நிலப் பத்திரத்தில் "இன்னார் மனைவி இன்னார்" என்றிருக்கும் வரியே சில பாட்டிமார்களுக்கு எஞ்சிய ஒரே சாட்சி. வாடகை வீடு மாறும்போது முதலில் கழிவது அந்தப் பழைய காகிதக் கட்டுத்தான்.

ஆதலின் நேயர்களுக்கு நம் வேண்டுகோள் இது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மூத்த பெண்மணியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். அவருடைய பெயர், பிறந்த ஊர், தாயார் பெயர், தாயாரின் தாயார் பெயர், மணமான ஆண்டு, கணவர் மறைந்திருப்பின் அதன் பின் குடும்பத்தை நடத்திய விதம் ஆகியவற்றை அவர் சொல்வது போலவே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கையொப்பமிட்ட பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, அதன்மேல் அவருடைய முழுப் பெயரையும் எழுதி வையுங்கள். தாயாரின் தாயார் பெயர் அவருக்கே நினைவில்லையென்றால், ஊரிலுள்ள உறவினருக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.