கணக்கில் வராத உயிர்கள்

2020 மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவே அமுலுக்கு வந்தது. இந்திய சர்க்கார் ஜனங்களுக்கு அளித்த அவகாசம் 4 மணி நேரமே. ரயிலும் பஸ்ஸும் நின்றன. கூலியிழந்த தொழிலாளர் கால்நடையாகவே ஊர் திரும்பலாயினர். மே 8-ந் தேதி ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கிய 16 பேர் சரக்கு ரயிலுக்கு இரையாயினர்.

வழியில் மாண்டோர் எத்தனை பேர், நஷ்டஈடு உண்டா என்று செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, கணக்கு இல்லை, ஆகவே நஷ்டஈடு என்ற பிரச்னையே எழவில்லை என்று தொழிலாளர் இலாகா விடையிறுத்தது.

கொள்ளைநோய்க்குக் கட்டுப்பாடு அவசியமே. ஜனங்களும் அதற்கு இணங்கினர். ஆயின், கட்டளையிடும் அதிகாரம் எவரிடமோ, பொறுப்பும் அவரிடமே. மாண்டோரை எண்ணத் தவறியது அசிரத்தை. அத்தவறையே நஷ்டஈடு மறுக்க நியாயமாகக் காட்டியது அநீதி. அக்கணக்கை இனியேனும் எடுக்குமாறு தேசத்தார் வற்புறுத்துவார்களாக!