தோல் மாட்டுக்கு, வெள்ளை நமக்கா?



விருதுநகர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரோட்டா ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது பருப்புதான். உளுந்து என்ன விலை, துவரை என்ன விலை என்று 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பேப்பரிலேயே வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பருப்பைச் சாப்பிடும் விதத்தை நாம் மறந்து வருகிறோம் என்பதே என் கருத்து.

மில்லில் உளுந்தின் தோலை நீக்கி வெள்ளை உளுந்தாக மாற்றுகிறார்கள். நீக்கிய தோல் 'உளுந்தம் பொட்டு' என்ற பெயரில் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அந்தத் தோலில் என்ன இருக்கிறது தெரியுமா? நார்ச்சத்து இருக்கிறது. பாலிபீனால், ஃபிளேவனாய்டு போன்ற தாவரச் சேர்மங்களும் அதிகம் இருப்பது தோலில்தான். பூச்சி, பூஞ்சையிடமிருந்து விதையைக் காக்கச் செடி செய்துகொள்ளும் கவசம் அது. கருப்பு உளுந்துக்கும் கருப்புக் கொண்டைக்கடலைக்கும் அந்த நிறம் வருவதும் இவற்றால்தான். தோலோடு சாப்பிட்டால் நார்ச்சத்தால் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறும். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கும் அது உணவு. தினமும் பயறு சாப்பிடுவது கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்றும் ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இது நம் பாட்டிமாருக்குப் புதுசு இல்லை. தோல் உளுந்து போட்டு உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையலோடு வைப்பார்கள். பெரிய மனுஷியான பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். இன்றைக்குக் கேட்டால், "இட்லி கருப்பா இருக்கும்டி, யாரு சாப்பிடுவா?" என்கிறார்கள். இட்லி வெள்ளையா இருந்தா போதுமா? உடம்புக்குச் சத்து வேண்டாமா?

அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. தோலில் உள்ள டானினும் பயறில் உள்ள ஃபைட்டிக் அமிலமும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் கொஞ்சம் தடுக்கும். அதற்காகப் பயறை ஒதுக்க வேண்டாம். இரவே ஊற வையுங்கள், முளை கட்டுங்கள். ஃபைட்டிக் அமிலம் குறையும், முளை கட்டினால் வைட்டமின் சி கூடும். சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்த்து வைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், டீயில் உள்ள டானினும் இரும்பைத் தடுக்கும். வாயுத் தொல்லை என்பவர்கள் ஊற வைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேக வைத்தால் போதும்.

இரும்பைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. அதில் நம் அம்மாக்களும் உண்டு, அக்காக்களும் உண்டு. விடியும் முன்னே எழுந்து, அவசர அவசரமாகச் சமைத்து வைத்துவிட்டுப் பட்டாசு ஆலை வேனைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவர்கள். மாலையில் திரும்பியதும் டீயும் பன்னும்தான். நம் பிள்ளைகளும் பிரேயரில் மயக்கம் போட்டு விழுகிறார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால், "ஒண்ணுமில்ல மிஸ்" என்பதுதான் பதில்.

ஆனால் சத்துணவில் கொண்டைக்கடலை போடும் நாளில் தட்டு கழுவும் இடத்தைப் பாருங்கள். கடலை எல்லாம் தரையில் கிடக்கும்! இடைவேளையிலோ அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடிதடி. பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்று மதிய உணவு தந்த காமராஜர் பிறந்த ஊர் இது. இங்கேயே நாம் இப்படிச் செய்யலாமா?

என் யோசனை சின்னதுதான். கடலை, பயறு போடும் நாளில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவருவோம். அறிவியல் மன்றம் சார்பில் வாரம் ஒரு நாள் பாசிப்பயறை முளை கட்டித் தர ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். வீட்டில் வாரம் ஒரு முறையாவது தோல் உளுந்து கேட்போம். அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்போம், ஏனென்றால் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர்தான்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!



– 9-ஆம் வகுப்பு மாணவி