விளம்பியவர் அறிவார்

நாஞ்சில் நாட்டிலே பரிமாறுவதை ‘விளம்புதல்’ என்பார்கள். கல்யாணப் பந்தியில் ஐம்பது பேருக்கு ஒரு வேளை விளம்பிப் பார்த்தவருக்குச் சாப்பாட்டுக் கூடம் எப்படி அமைய வேண்டும் என்று வேறொருவர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சாம்பார் வாளியின் கனமே சொல்லிக் கொடுத்துவிடும். அடுக்களையிலிருந்து வரும் வழியில் உள்ள ஒவ்வொரு படியையும் அவருடைய கால்கள் நினைவு வைத்திருக்கும்.

தக்கலைக்கு அருகே, பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அவ்வூர் 1795 வரையில் திருவிதாங்கூரின் தலைநகராயிருந்தது. ஒரே வேளையில் 1000 பேருக்குக் குறையாமல் அங்கே உண்ணலாம் என்பர். கூடம் அகலத்தைக் காட்டிலும் நீளத்திலேதான் பெரியது. தரையில் இலை போட்டு வரிசை வரிசையாக உட்காரும் பந்திக்கு அதுவே பொருத்தம். விளம்புகிறவர் ஒரே நேராகப் போய் வரலாம்; யார் தலைக்கு மேலும் கரண்டியை நீட்ட வேண்டியதில்லை.

மேல்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1850-ல் சுவிட்ஸர்லாந்தில் குடியானவர் குடும்பத்தில் பிறந்த சீசர் ரிட்ஸ், பாரிஸ் நகர உணவு விடுதிகளில் மேஜைப் பணியாளராயிருந்தவர். 1898-ல் அந்நகரிலேயே தம் பெயரால் ஹோட்டல் திறந்தபோது, அறைகளுக்குத் தனி ஸ்நான அறை வேண்டுமென்றார். சுவர்களுக்குக் காகிதம் ஒட்டாமல் வர்ணம் பூசச் செய்தார். கழுவித் துடைக்கத்தக்க சுவரின் அருமை, துடைத்தவருக்கல்லவா தெரியும்!

நம் சென்னையையே பாருங்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து தொழில் பழகிய கே. கிருஷ்ண ராவ், 1938-ல் இராயப்பேட்டையில் ‘உட்லண்ட்ஸ்’ ஹோட்டலை ஆரம்பித்தார். 1962-ல் அவர் திறந்த ‘டிரைவ்-இன்’னில் மரநிழலே கூடம், வந்தவர் காரை விட்டு இறங்காமலே சாப்பிடலாம். 2008-ல் அது மூடப்பட்டபோது வருந்தியவர்கள் அநேகர்.

இன்று கன்னியாகுமரி விடுதிகளில் சூரியோதயம் தெரியும் ஜன்னலுக்கு முதலிடம். நியாயந்தான், விருந்தினர் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் விடியற்காலையில் அந்த அறைக்குக் காப்பி சுமந்து வரும் பையன் எந்தப் படிக்கட்டில் ஏறுவான் என்று வரைபடம் போட்டவர் யோசித்தாரா?

கட்டடக்கலை பயிலும் பிள்ளைகள், ஹோட்டலுக்குப் படம் வரையுமுன் ஒரு மாதமேனும் அதன் அடுக்களையில் வேலை செய்யட்டும். “இவ்வளவு படித்த பிள்ளை எச்சில் இலை எடுப்பதா?” என்று பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கை பிறகு போடும் கோட்டில், உண்பவருக்கும் விளம்புகிறவருக்கும் ஒருங்கே இடமிருக்கும்.