யார்மொலென்கோவின் தலையில் பட்ட பந்து

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன். கார்டிஃப் நகரில் மழை. உலகக்கிண்ணத்துக்கான பிளே-ஓஃப் இறுதியில் வேல்ஸும் உக்ரேனும். வென்றால் கட்டார், தோற்றால் வீடு. உக்ரேன் வீரர்களுக்கு அந்தக் கடைசிச் சொல் என்ன பொருள் தரும் என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது.

34ஆவது நிமிடம். கேரத் பேல் அடித்த ஃப்ரீ கிக்கைத் தலையால் தட்டி வெளியேற்றப் பாய்ந்தார் யார்மொலென்கோ. பந்து சொந்த வலைக்குள் போனது. நான்கு நாட்களுக்கு முன் ஸ்கொட்லாந்தை 3-1 என வென்றபோது முதல் கோல் அடித்தவரும் அவரே. பிறகு உக்ரேன் அடித்ததையெல்லாம் வேல்ஸ் கோல்காப்பாளர் ஹென்னசி தடுத்தார். பெனால்டி எல்லைக்குள் யார்மொலென்கோவின் கால் தட்டப்பட்டபோது நான் கத்திய கத்தலில் அம்மா எழும்பி வந்தார். மத்தியஸ்தர் கொடுக்கவில்லை. முடிவு 1-0.

அன்றிரவு நித்திரை வரவில்லை. உக்ரேன் வெல்லவேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நின்றேன்?

காரணங்கள் இருந்தன. பெப்ரவரி 24 இல் படையெடுப்புத் தொடங்கியதும் அந்த நாட்டின் லீக் நின்றுபோனது. உள்ளூர்க் கழக வீரர்கள் அதன் பிறகு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் ஸ்லோவேனியாவில் பயிற்சி எடுத்து வந்தவர்கள். ஷக்தார் டொனெட்ஸ்க் கழகம் 2014 முதலே தன் மைதானத்தைப் பார்த்ததில்லை. அப்போதே எட்டு வருடமாக இடம்பெயர்ந்திருந்த கழகம். இதை வாசிக்கும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எதிரே நின்றவர்கள் யார்? வேல்ஸ் அதற்கு முன் கடைசியாக உலகக்கிண்ணத்தில் ஆடியது 1958 இல். ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் நின்று பாடிய முதியவர் டவிட் இவான், ஆங்கிலத்தில் மட்டும் இருந்த வீதிப் பலகைகளுக்கு எதிரான போராட்டத்துக்காக 1970 இல் சிறை சென்றவர். அதே 1958 இல் இலங்கையில் எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நான், அவருடைய ஆட்களுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தேன்.

2009 இல் வவுனியா முகாமில் இருந்தபோது ஒருநாள் சிலர் வந்து எங்களுக்குப் பந்து ஒன்று தந்தார்கள். விளையாடச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். கோல் அடித்ததும் இன்னும் சத்தமாகக் கத்தும்படி ஒருவர் கேட்டார். கத்தினோம். அவர்களுக்கும் நிம்மதி. அந்தப் பந்து ஒரு கிழமைக்குள் முட்கம்பியில் குத்தி வெடித்தது. கார்டிஃப் ஆட்டத்தில் நான் அந்தப் படம் எடுத்தவரின் இடத்தில் இருந்தேன் என்றே நினைக்கிறேன். அவர்கள் வென்றால் என் மனம் ஆறும். மரியுபோலில் எதுவும் மாறியிராது.

உதைபந்தாட்டத்தால் செய்யக்கூடிய ஒன்று பெப்ரவரியிலேயே நடந்துவிட்டது. அதைச் செய்தது பீபா அல்ல. ரஷ்ய அணி தன் சங்கத்தின் பெயரில், பொது மைதானத்தில் ஆடலாம் என்றுதான் பீபா 27ஆம் திகதி சொன்னது. ரஷ்யாவுடன் ஆடவே மாட்டோம் என்று போலந்து மறுத்தது. சுவீடனும் செக் குடியரசும் அப்படியே. மறுநாள்தான் தடை வந்தது. கிரிமியாவை இணைத்து நான்கு வருடங்களில், 2018 உலகக்கிண்ணத்தை ரஷ்யாவில் நடத்தியதும் இதே பீபாதான். போலந்து வீரர்கள் அன்று கட்டார் வாய்ப்பையே பணயம் வைத்தார்கள். எனக்கு மழையில் நடந்த ஆட்டத்தைவிட ஆடாமல் விட்ட அந்த ஆட்டம் பெரிது.

ஆட்டம் முடிந்ததும் வேல்ஸ் வீரர்கள் உக்ரேன் ரசிகர்கள் இருந்த பக்கம் போய்க் கைதட்டினார்கள். அதற்குமேல் டேட்டா இல்லை.

திங்கள் காலை பெற்றோல் வரிசையில் முன்னால் நின்ற அண்ணை திரும்பிக் கேட்டார்.

“தம்பி, ராத்திரி ஆர் வெண்டது?”

“வேல்ஸ் அண்ணை.”

“அப்ப உக்ரேன்காரர்?”

“திரும்பிப் போகினம்.”

“எங்க?” என்றார். வரிசை நகர்ந்தது. அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.