பத்தில் எஞ்சுவது நாலரை



இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் பெறும், பிள்ளைகளற்ற, உடல்நலமுள்ள ஒருவர் முதியோருக்குச் சமைத்துப் பத்துப் பவுண் ஈட்டினால், உதவித்தொகையில் ஐந்தரைப் பவுண் குறைக்கப்படும். பெருஞ்செல்வர் செலுத்தும் உச்ச வருமான வரியே 45 விழுக்காடுதான். இந்த ஏழையிடம் கழிப்பதோ 55! (2021 வரை 63 ஆக இருந்தது.) அதே சமையலை ஊதியமின்றிச் செய்தால் கழிவில்லை.

பிள்ளை வளர்ப்போருக்கும் உழைக்கும் திறன் குன்றியோருக்கும் குறித்த தொகைவரை விலக்கு ஏற்கெனவே உண்டு. அதனை அயலாருக்கான ஊர்ப்பணிக்கும் ஏன் நீட்டிக்கலாகாது? மலிவுக் கூலிக்கு ஆள்பிடிக்க இது வழிவகுக்கும் என்போரின் அச்சம் நியாயமானதே. ஆகவே சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துடன், வாரத்திற்குச் சில மணிநேரம் என வரையறுக்கட்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதனை எழுதுங்கள்.