பாதாளத்துக்குள்ள ஓசி வெயில்

ஃபேன்டஸி கேம் எதை வேணா எடுத்துக்கோங்க. நம்ம ஹீரோ மலைக்கு அடியில ஆழமா இறங்கியிருப்பான். தலைக்கு மேல டன் கணக்குல பாறை. ஆனா பெரிய ஹால் ஒண்ணுக்குள்ள நுழைஞ்சதும் கூரையிலேர்ந்து தங்க நிறத்துல ஒரு ஒளிக்கற்றை சாய்வா விழும். அது விழற இடத்துல கரெக்டா ஒரு புதையல் பெட்டி! பார்க்க அழகுதான், மறுக்கல. ஆனா அந்த வெயில் எந்த வழியா வந்துச்சு?

ஸ்கைரிம் (2011) எனக்கு உயிர். அதுலயே வெளியில நடுராத்திரி, உள்ள பழைய கல்லறைக்குள்ள போனா பகல் மாதிரி வெளிச்சம் விழுது. இதுக்குப் பேரு கலையாம். நான் சோம்பேறித்தனம்னு சொல்றேன்.

இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். போன லீவுல ஹாஸ்டல் பசங்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன், நான்தான் டஞ்சன் மாஸ்டர். "மேலேர்ந்து ஒரு ஒளிக்கற்றை விழுது"ன்னு பில்டப்பா சொன்னேன். உடனே ஒருத்தன், "மச்சி, அந்த ஓட்டை வழியா கயிறு போட்டு ஏறிடலாமா?"ன்னான். "ரொம்ப சின்ன ஓட்டைடா"ன்னேன். "அப்ப இவ்ளோ வெளிச்சம் எப்படிடா வருது?" நான் அவுட். அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் பசங்க நம்பல. ரெண்டு வாரம் உக்காந்து வரைஞ்ச மேப் அன்னிக்கு சாயங்காலமே செத்துப்போச்சு.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒளிக்கற்றைன்னா அலங்காரம் இல்லை, ஓட்டை. ஓட்டைன்னா மழை உள்ள வரும், வௌவால் வரும், விதை விழுந்து செடி முளைக்கும், எதிரியும் இறங்கி வருவான். வியட்நாம்ல ஹாங் சோன் டூங் குகையைப் பாருங்க. கூரை ரெண்டு இடத்துல இடிஞ்சு விழுந்ததால வெயில் உள்ள வருது, அதனால குகைக்குள்ள காடே வளர்ந்திருக்கு. அயர்லாந்துல நியூகிரேஞ்ச், 5000 வருஷத்துக்கு முந்தின கல்லறை. வருஷத்துலயே மிகக் குட்டிப் பகல் வர்ற அந்த சில நாள் மட்டும் விடியற்காலை வெயில் உள்ளறை வரைக்கும் போகும், அதுவும் 17 நிமிஷம்தான். அந்த 17 நிமிஷத்துக்காக வாசலுக்கு மேல தனியா ஒரு திறப்பு வச்சுக் கட்டியிருக்காங்க. நம்ம கேம் டிசைனர் அய்யா 24 மணி நேரமும் இலவசமா எரிய விடறார்!

நான் பி.காம் படிக்கறவன், கணக்குல பேசறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புல (2014) ஒரு தீப்பந்தம் ஒரு செப்புக் காசு, ஒரு மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம் தரும். பந்தம் குறையக் குறைய பயம் ஏறணும். டார்க் சோல்ஸ்ல (2011) ராட்சதர் கல்லறைக்குள்ள மண்டையோட்டு லாந்தரைப் பிடிச்சா ஒரு கை போச்சு, கேடயமா வெளிச்சமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இருட்டுக்கு அங்க விலை இருக்கு. ஓசி வெயில் விட்டா அந்தப் பேரேடே பொய்க்கணக்கு.

"மந்திர உலகம்தானே பாஸ்"னு ஒரு கோஷ்டி வரும். மந்திர வெளிச்சம்னா மந்திரம்னே சொல்லுங்க. வெயில்னு சொன்னா வெயில் மாதிரி நடந்துக்கணும்.

ஒளிக்கற்றையே வேணாம்னு சொல்லல, வேலை கொடுங்கன்னுதான் சொல்றேன். ஐந்தாம் பதிப்புல ரத்தக்காட்டேரிக்கு வெயில் பட்டா உடம்பு வெந்துடும். 30 அடி உயரக் கூரையில ஒரு ஓட்டை, கீழ ஒரு வட்ட வெயில், அதுக்குள்ள நாலு பேர், சுத்தி காட்டேரிங்க. சூரியன் உச்சியைத் தாண்டினா ஒரு மணி நேரத்துல அந்த வட்டம் சுமார் 8 அடி நகரும். பசங்களும் கூடவே நகரணும். சாயங்காலம் அது சுவர்ல ஏறிடும். அப்புறம்?

அடுத்த லீவுல இதைத்தான் நடத்தப் போறேன். இந்த தடவை கயிறு கேட்டாலும் கொடுப்பேன்.

டிஸ்கி: மேல ஏறினா அங்க என்ன இருக்குன்னும் இப்பவே எழுதி வச்சாச்சு :-)